களிமண் யாளி: விரிசலைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

யாளி செய்கிறவர்களுக்கு வரும் தொல்லை பானை செய்கிறவர்களுக்கு வராது. பானைக்கு ஒரே கனத்தில் சுவர், ஒரே உருண்டை, எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். யாளிக்கோ சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், சுருள் சுருளாகப் பிடரி, வாயில் ஒரு உருண்டை வேறு. மார்பு செங்கல் கனம், காது அப்பளக் கனம். இந்த இரண்டையும் ஒன்றாக ஒட்டி, ஒரே நிழலில் உலர்த்தி, ஒரே சூளையில் வேகவைத்தால் யாராவது ஒருத்தர் முரண்டு பிடிக்கத்தான் செய்வார்கள். கீழே வருகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கன வித்தியாசத்தில்தான் போய் முடியும், அதனால் எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் முதலில் அங்கே மண் எத்தனை கனம் என்று பாருங்கள்.

நான் இருப்பது காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற சாலையில், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம். மொட்டை மாடியில் வடக்கு மூலைக்குப் போனால் செல்போன் ஆந்திராவுக்கு வரவேற்கும், தெற்கு மூலைக்கு வந்தால் மறுபடி தமிழ்நாடு. யாளிப் பைத்தியம் பிடித்தது வேலூர்க் கோட்டைக்குள், ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துத்தான். மண் வேலை கற்றுக்கொண்டது பலமனேர் பக்கத்துக் குயவர் தாத்தா ஒருவரிடம், அவர் பாதி தெலுங்கு பாதி தமிழில் திட்டுவார். சின்ன மின் சூளை ஒன்று வீட்டில் இருக்கிறது, ஏரி மண்ணும் வேலை செய்கிறேன், மூட்டையில் வாங்குகிற, அதிகச் சூட்டில் வேகும் ஸ்டோன்வேர் மண்ணும் வேலை செய்கிறேன். இரண்டிலும் உடைத்திருக்கிறேன்.

எதையும் சரிசெய்யப் போகும் முன் விரிசலைப் படித்துவிடுங்கள். ஒரு முனையில் வாய் பிளந்து மறுமுனையில் மெலிந்து காணாமல் போனால் அது காயும்போது வந்தது, சூளைக்குப் போகும் முன்பே இருந்தது, நீங்கள் கவனிக்கவில்லை. கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி படியும் பூச்சு) போட்ட பொம்மையில் விரிசலின் விளிம்பு மழுங்கி, கிளேஸ் உள்ளே வழிந்திருந்தால் கிளேஸ் உருகும் முன்பே பிளந்துவிட்டது. விளிம்பு கண்ணாடிச் சில் மாதிரி விரலை அறுத்தால் ஆறும்போது பிளந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ பிளவு ஒளிந்திருக்கிறது.

காது, வால் நுனி, துதிக்கை முனை காயும்போதே வெடிக்கிறது

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அக்கினி நட்சத்திரத்தில் காலை பத்து மணிக்குச் செய்து வைத்த காது மதியச் சாப்பாட்டுக்குள் வெளுத்துவிடும், மார்போ நாலு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். காய்கிற மண் சுருங்கும். மண்ணைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை. முதலில் சுருங்கி முடித்த காது இறுகிவிட்டது, அது ஒட்டியிருக்கும் தலை இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது, அப்போது நடுவில் இருக்கும் ஒட்டுதான் பிய்யும்.

சின்னதுக்குச் சட்டை, பெரியதுக்கு வெறும் உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காது, வால், துதிக்கை முனை, நகம் இவற்றுக்கெல்லாம் ஈரத்துணித் துண்டு சுற்றி, அதன் மேல் பால் பாக்கெட் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். மார்பையும் முதுகையும் திறந்து விடுங்கள். முழுப் பொம்மையையும் ஒரே பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தாமதம் மட்டும்தான் கிடைக்கும், வித்தியாசம் அப்படியே இருக்கும். மின்விசிறிக் காற்று ஒரு பக்கமாகப் படக்கூடாது, அது வெயிலைவிட மோசம்.

ஏற்கெனவே வெடித்துவிட்டதா? முழுக்கக் காய்ந்த மண்ணில் தண்ணீர்க் களியைப் பூசாதீர்கள், பூசிய களி தான் சுருங்கும்போது பழைய பிளவையே இன்னும் அகலமாகத் திறந்துவிடும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் கரைத்துப் பிழிந்து, அதே மண்ணின் தூளோடு வினிகர் விட்டுப் பசை மாதிரி குழைத்து, விரிசலிலும் முதலில் வினிகரைத் தொட்டுவிட்டு, ஊசி முனையால் உள்ளே அழுத்துங்கள். காகித நார் பிடித்துக்கொள்ளும், சூளையில் எரிந்து போய்விடும். மயிரிழை விரிசலுக்கு இது நன்றாக வேலை செய்யும். விரல் நகம் நுழைகிற பிளவு என்றால் காதை முழுசாகப் பெயர்த்துவிட்டுப் புதுசு செய்வது நல்லது. அதற்கும் தலை இன்னும் ஈரமாக இருக்க வேண்டும்.

காலும் உடம்பும் சேருகிற இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு

ஒட்டும்போது இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இல்லை. வேறு காரணம் தேடவே வேண்டாம். நேற்றுச் செய்த உடம்பில் இன்று பிசைந்த காலை ஒட்டியிருப்பீர்கள். நகம் பதியும் ஆனால் விரல் அழுந்தாது என்கிற பதத்தில் இரண்டும் இருக்கும்போது, இரண்டு முகத்தையும் பழைய முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிக்குழம்பு தடவி, காலை வைத்து லேசாகத் திருகி அழுத்துங்கள், சுற்றிலும் குழம்பு பிதுங்கி வந்தால்தான் உள்ளே இருந்த காற்று வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பென்சில் கனத்துக்கு ஒரு மண் திரியை ஒட்டைச் சுற்றி வைத்து மரக்கரண்டிக் காம்பால் தேய்த்து இறுக்குங்கள். இந்த இறுக்குவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம், மேலே வழித்துவிட்டால் பார்வைக்குச் சரியாகிவிடுகிறது இல்லையா.

பாதங்கள் விலகி நிற்கின்றன, பீடத்தின் நடுவில் பிளவு

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்கால் பாதத்துக்கும் பின்கால் பாதத்துக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி, மண் 6 சதவீதம் சுருங்குகிறது என்றால் பாதங்கள் ஒன்றை நோக்கி ஒன்று 1.5 செ.மீ. நகர்ந்தாக வேண்டும். பலகையில் ஒட்டிக்கொண்டால் எப்படி நகரும்? நகர முடியாத கால் இடுப்பைக் கிழிக்கும். காயும்போது அடியில் செய்தித்தாள் இரண்டு மடிப்பு போட்டு, அதன் மேல் சலித்த ஆற்று மணல் தூவுங்கள், பாதம் உருளும்.

சூளைக்குள்ளும் இதே கதை இரண்டாம் முறை நடக்கும், ஏனென்றால் வேகும்போது மறுபடி சுருங்கும். ஸ்டோன்வேர் சூட்டுக்குப் போகிற மண்ணுக்கு அதே மண்ணில் விரல் கனத்துக்கு ஒரு தட்டு செய்து, அதன் மேல் யாளியை நிற்கவைத்து, தட்டோடு சேர்த்தே காயவைத்துச் சூளையில் வையுங்கள். தட்டும் சுருங்கும், யாளியும் சுருங்கும், சண்டை வராது. தட்டு வீண்தான், போகட்டும்.

சூளைக்குள் வெடித்துச் சிதறியது

மூன்றாவது மாடி வரை சத்தம் கேட்கும் ரகம் இது. ‘உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்’ என்று உடனே யாராவது சொல்வார்கள். காற்று பாவம், அது விரிந்தாலும் பொரபொரப்பான மண்ணுக்குள் வழி தேடிப் போய்விடும். வெடிப்பது தண்ணீர். முழுக்கக் காயாத கனமான இடத்தில் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி, வெளியேற நேரம் கிடைக்காமல் உள்ளிருந்து தள்ளுகிறது. குமிழி இருக்கிற இடத்தில் ஈரமும் தங்கியிருக்கும் என்பதால் பழி குமிழி மேல் விழுகிறது.

சில்லுகளைப் பொறுக்கிப் பாருங்கள். அப்பளம் அப்பளமாக, செதில் செதிலாக உடைந்து, சூளைச் சுவரெல்லாம் தெறித்திருந்தால் ஆவிதான். பெரிய இரண்டு மூன்று துண்டாக, இருந்த இடத்திலேயே பிளந்து உட்கார்ந்திருந்தால் அது வேறு கோளாறு, அடுத்த பகுதியைப் பாருங்கள்.

என் முதல் யாளியைத் தாத்தாவிடம் கொண்டுபோனபோது பதினைந்து நாள் காய்ந்திருந்தது, வெளுத்து எலும்பு மாதிரி இருந்தது, எனக்கு ஒரே பெருமை. அவர் அதைத் தூக்கி, காதையோ வாலையோ பார்க்கவே இல்லை, இரண்டு முன்கால்களுக்கு நடுவே கன்னத்தை வைத்தார். இரண்டு வினாடி. "இன்கா தடி உந்தி" என்றார், இன்னும் ஈரம் இருக்கிறதாம். "நீயும் வச்சிப் பாரும்மா, ஜில்லுனு இருக்கா?" வைத்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும் மண் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், கை விரல் காய்ப்பு ஏறிப் போனவர்களுக்கு அது தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். அன்றிலிருந்து சூளை அடுக்குவதற்கு முன் எல்லாப் பொம்மைக்கும் ஒரு கன்னம் உண்டு எனக்கு. பார்க்கிறவர்கள் கொஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவருடைய திறந்த சூளையில் தீயைப் பெரிதாக்கும் முன் மணிக்கணக்கில் வெறும் புகை போடுவார், விராட்டியும் ஈர வைக்கோலும் கனன்றுகொண்டே இருக்கும். ஈரத்தை விரட்டுகிற வேலை அதுதான். மின் சூளை வைத்திருக்கிறவர்கள் அதையே பொத்தானில் செய்யலாம்: 80, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க நிறுத்தி, மேல் துவாரத்தைத் திறந்து வைத்து விடுங்கள். காலையில் அந்தத் துவாரத்துக்கு நேரே ஒரு எவர்சில்வர் தட்டை நாலைந்து நொடி பிடித்துப் பாருங்கள். தட்டில் மூச்சு விட்ட மாதிரி ஆவி படிந்தால் இன்னும் இருக்கட்டும். தட்டு பளபளப்பாகவே இருந்தால் சூட்டை ஏற்றலாம். தட்டு ஈரமில்லாமல், ஆறியிருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கழுவின தட்டைப் பிடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

அடுத்த யாளிக்கு: உடம்பை உருண்டையாகப் பிடிக்காதீர்கள். கசக்கிய செய்தித்தாள் பந்தின் மேல் மண்ணைப் போர்த்திச் செய்யலாம், இல்லை முழுசாகச் செய்து பாதி காய்ந்ததும் முதுகில் இரண்டாக அறுத்து உள்ளே குடைந்துவிட்டு மூடலாம். எங்கேயும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சந்தேகம் வந்தால் வயிற்றின் அடியில் சைக்கிள் ஸ்போக்கைக் குத்திப் பாருங்கள், எத்தனை தூரத்தில் வெறுமை தட்டுகிறது என்று தெரியும், அந்த ஓட்டையையே ஆவி போகும் வழியாகவும் விட்டுவிடுங்கள். துதிக்கை, கால் இவை தனித்தனிக் குழாய்களாக இருந்தால் ஒவ்வொன்றும் உடம்பின் குழியோடு சேர வேண்டும், ஒட்டுகிற இடத்தில் ஸ்போக்கை விட்டு ஒரு துளை. நம் கிராமங்களில் அய்யனாருக்கு ஆளுயரத்துக்கு மேல் மண்குதிரை செய்கிறார்களே, அவை உள்ளே வெறும் குழாய்கள், மண்ணோடு உமியும் மணலும் கலந்திருக்கும். உமி எரிந்து போன இடமெல்லாம் ஆவிக்கு வழி.

பெரிய துண்டாக, கத்தி வைத்த மாதிரி பிளவு

573 டிகிரி. இந்த எண்ணைச் சூளை மூடியில் எழுதி வையுங்கள். மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் அந்தச் சூட்டில் சட்டென்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். மெல்லிய காது அந்த இடத்தை இப்போது தாண்டுகிறது, கனத்த மார்பு ஒரு மணி நேரம் கழித்துத் தாண்டுகிறது என்றால் நடுவில் கழுத்து என்ன ஆகும்? ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, 500க்கும் 650க்கும் நடுவே மணிக்கு 50, 60 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

இறங்கும்போது வரும் பிளவுக்கு இன்னொரு காரணம் நம் அவசரம். 200 டிகிரி காட்டும்போதே ‘லேசாகத் திறந்து பார்க்கலாம்’ என்று மூடியைத் தூக்குவது. நான் செய்திருக்கிறேன், ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், கழுத்தைச் சுற்றி ஒரு நூல் கோடு. உள்ளே வெறும் கை வைக்கிற அளவுக்கு ஆறும்வரை சாவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால்? ஏறும்போது போனால் பெரிய சேதம் இல்லை, மூடியைத் திறக்காமல் துவாரங்களை அடைத்துவிட்டுக் காத்திருங்கள், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தொடரலாம். சூளையின் கணினி மட்டும் மறதிக்காரன், ஆரம்பத்திலிருந்து தொடங்கப் பார்க்கும் ரகமும் உண்டு, வேகத்தைச் சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள். எங்கள் பக்கம் காற்று மழை என்றால் கட்டாயம் கரண்ட் போகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் கனமான பொம்மையை நான் சூளையில் வைப்பதே இல்லை.

இந்தப் பிளவுக்கு ஒட்டு வைத்தியம் கிடையாது. எபாக்ஸி பசை போட்டு ஒட்டி, மண்தூள் தூவி மறைத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். மறுபடி சூளையில் வைத்தால் சேரும் என்று நம்பாதீர்கள்.

உடைந்த இடத்தில் நடுவே கருப்புப் பட்டை

ஏரி மண்ணில் இலை, வேர், சாணம் எல்லாம் இருக்கும். அவை எரிந்து வெளியேறக் காற்றும் நேரமும் வேண்டும். 700லிருந்து 900 டிகிரி வரை துவாரங்களைத் திறந்து வைத்து மெதுவாக ஏற்றுங்கள். வெறும் சுட்ட மண்ணாக வைத்துக்கொள்வதென்றால் கருப்பு நடுப்பகுதியால் ஆபத்தில்லை. அதையே இன்னும் பெரிய சூட்டுக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொண்ட கரி வாயுவாகி, யாளியின் முதுகில் பூரி மாதிரி கொப்புளம் கிளம்பும்.

முன்னங்கால் தூக்கிய யாளி முழங்காலில் உட்கார்ந்துவிட்டது

முதலில் எந்த மண் என்று பாருங்கள். சிவப்பு ஏரி மண்ணில் இரும்பும் இன்னும் பல உருக்கிப் பொருள்களும் இருப்பதால் 1000 டிகிரி பக்கம் நன்றாக வேகும், 1100ஐத் தாண்டினால் தள்ளாடத் தொடங்கும், 1200இல் பல மண்கள் வெல்லப்பாகாகவே போய்விடும். ஸ்டோன்வேர் கிளேஸ் அழகாக இருக்கிறதே என்று அதை ஏரி மண் மேல் பூசி 1220க்கு ஓட்டினால் அடுக்குத் தட்டில் ஒரு பளபளப்பான தோசை கிடைக்கும். புது இடத்து மண் என்றால் விரல் நீளக் கட்டை ஒன்று செய்து, இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து நடுவே அந்தரத்தில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். நடு தொங்கினால் அந்தச் சூடு அந்த மண்ணுக்கு ஆகாது.

மண் சரி என்றால் நிற்கும் விதத்தைப் பாருங்கள். வேலூர் மண்டபத்தில் யாளி இரண்டு காலில் எழும்பி நிற்கிறதே என்று நாமும் அப்படியே செய்கிறோம். அந்தச் சிற்பியோ யாளியைத் தனியாக நிற்க விடவில்லை, முதுகுக்குப் பின்னால் தூண் இருக்கிறது, இரண்டும் ஒரே கல். நமக்கும் முதுகுக்குப் பின் ஒரு தூண் வைக்கலாம், அல்லது முன்னங்காலுக்குக் கீழே ஒரு யானைத் தலையோ கொடிச் சுருளோ வைத்துப் பாரத்தை இறக்கலாம். அலங்காரம் மாதிரி தெரியும், முட்டுக்கட்டை வேலை பார்க்கும். ஒன்றும் வேண்டாம் என்றால் அதே மண்ணில் செய்த தற்காலிக முட்டு, அதற்கும் யாளிக்கும் நடுவே ஒட்டாமல் இருக்க அலுமினா பொடி (சூளைச் சூட்டில் உருகாத வெள்ளைப் பொடி), வெந்த பிறகு எடுத்துவிடலாம். செங்கல்லை முட்டாக வைக்காதீர்கள், யாளி சுருங்கும்போது செங்கல் சுருங்காது, வயிறு முட்டின் மேல் ஏறித் தொங்கும்.

கிளேஸ் தொல்லைகள்

பிடரிச் சுருள்களின் பள்ளத்தில் கிளேஸ் சுருண்டு விலகி, மண் தெரிகிறதா? பள்ளத்தில் தூசியோ கை எண்ணெயோ இருந்திருக்கும், அல்லது தூரிகையால் பூசும்போது அங்கே தேங்கி மொத்தமாக நின்றிருக்கும். காய்ந்த கிளேஸில் ஏரி வெடிப்பு மாதிரி கோடு தெரிந்தாலே சூளையில் விலகப்போகிறது என்று அர்த்தம், அப்போதே கழுவிவிட்டுத் திரும்பப் பூசுங்கள். முதல் சூளை (கிளேஸ் பூசும் முன் வெறும் மண்ணாகச் சுடுவது) முடிந்த பொம்மையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவைத்துவிட்டுப் பூசினால் முக்கால்வாசி தீர்ந்தது.

சூளையிலிருந்து எடுத்து வைத்த பிறகு ‘டிங், டிங்’ என்று மெல்லிய மணிச் சத்தம், மறுநாள் பார்த்தால் சிலந்திவலைக் கோடுகள். ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது, சின்னச் சட்டை போட்ட கதை. கிளேஸில் நன்றாக அரைத்த குவார்ட்ஸ் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள் (தூளைக் கையாளும்போது மூக்குக்கு நல்ல முகமூடி கட்டாயம், நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது). சாப்பிடுகிற பாத்திரம் என்றால் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். யாளிக்கு எனக்கு இந்தக் கோடுகள் பிடிக்கும், கெட்டி டீ டிகாஷனைத் தேய்த்தால் கோட்டில் நிறம் ஏறி நூறு வருஷத்துப் பொம்மை மாதிரி ஆகிவிடும். வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி கிளேஸ் பாண்டங்களின் வழவழப்பைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிளேஸில் ஊசித் துளைகள்: முதல் சூளையைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில், 1000 டிகிரி வரை, மெதுவாக ஓட்டுங்கள், கிளேஸ் சூளையில் உச்சச் சூட்டில் பதினைந்து நிமிஷம் நிறுத்துங்கள். பெரும்பாலும் போய்விடும்.

வாயில் இருக்கும் உருண்டை சுற்றவில்லை

யாளி செய்து காட்டினால் முதலில் எல்லாரும் வாய்க்குள் விரலைத்தான் விடுகிறார்கள். கல்லில் ஒரே பாறையிலிருந்து உருண்டையை உள்ளேயே குடைந்து விடுவித்துவிடுகிறார்கள், வெளியே எடுக்க வராது, உள்ளே உருளும். மண்ணில் அதைத் தனியாக உருட்டி, வாயை மூடும் முன் உள்ளே போட வேண்டும். இங்கே மூன்று விதமாகக் கெடும்.

வாய் கிழிந்து, பற்கள் பிளந்து, உருண்டை மட்டும் ஜம்மென்று இருந்தால்: உருண்டையை முன்கூட்டியே செய்து காயவைத்து, அல்லது சுட்டு வைத்துப் போட்டிருக்கிறீர்கள். அது சுருங்கி முடித்தது, வாய் இனிமேல்தான் சுருங்க வேண்டும். 3 செ.மீ. உருண்டையைச் சுற்றி 10 சதவீதம் இறுகினால் கிழியாமல் என்ன செய்யும். உருண்டையும் தலையும் ஒரே நாள், ஒரே மண், ஒரே ஈரமாக இருக்க வேண்டும்.

உருண்டை வாயின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஆட்டினாலும் அசையாமல் இருந்து, ஒட்டிய இடம் மங்கலாக இருந்தால்: ஈரமாக இருக்கும்போதே மண்ணோடு மண் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை உருண்டையை ஒரு சுற்று மெல்லிய காகிதத்தில் பொதிந்து போடுங்கள், எரிந்து போகும், இடைவெளி மிஞ்சும். காயும் காலத்தில் தினம் ஒரு தடவை பென்சில் முனையால் உருட்டிவிடுங்கள்.

ஒட்டிய இடம் பளபளவென்று இருந்தால் கிளேஸ் குற்றவாளி. மேலுதட்டில் பூசியது உருகி இறங்கி உருண்டையைப் பிடித்துவிட்டது. வாய்க்குள்ளும் உருண்டையிலும் கிளேஸே வேண்டாம், உதட்டு விளிம்பு வரை உருக்கிய மெழுகு தடவிவிட்டு அப்புறம் கிளேஸில் முக்குங்கள், மெழுகு இருக்கும் இடத்தில் ஒட்டாது. ஸ்டோன்வேர் சூடு என்றால் உருண்டைக்குக் கீழே அலுமினாவும் சைனா களிமண்ணும் சரிபாதி கலந்து கரைத்த பூச்சு ஒரு துளி. ஏற்கெனவே ஒட்டியதைத் தட்டி எடுக்கலாமா என்று கேட்டால், ஒரே ஒரு தடவை எடுத்தேன், உருண்டை கையில் வந்தது, இரண்டு பல்லும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து மேல் தோல் உரிந்து விழுகிறது

சூளையிலிருந்து குறையே இல்லாமல் வந்தது, கிளேஸும் நன்றாக இருந்தது, ஷோகேஸில் உட்கார்ந்த இடத்தில் ரூபாய் நாணய அளவுக்கு ஒரு சில் தானாக விழுந்திருக்கிறது. விழுந்த குழியின் அடியில் பாருங்கள், மிளகளவு வெள்ளைப் புள்ளி இருந்தால் அது சுண்ணாம்பு. எங்கள் பக்கத்து ஏரி மண்ணில் சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல் சாதாரணம். 850, 900 டிகிரி வாக்கில் அந்தக் கல் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும், அப்புறம் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து நீர்த்துப் பூரித்து, மேலே இருக்கும் மண்ணையும் கிளேஸையும் தள்ளிவிடும். மழைக்காலத்தில் இது சீக்கிரம் நடக்கும்.

தடுக்கிற இடம் ஆரம்பத்தில்தான் இருக்கிறது. மண்ணை முழுக்கக் காயவைத்து உடைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, பழைய மெல்லிய பருத்திப் புடவையில் வடிகட்டுங்கள். காய்ந்த மண்கட்டி மேல் பாத்ரூம் கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு விட்டால் சுக்கான் இருக்கும் இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். வடிகட்டாமல் செய்து சுட்டும் ஆகிவிட்டது என்றால், சூளையிலிருந்து எடுத்த உடனே, அதாவது ஆறியவுடன், யாளியை ஒரு பக்கெட் தண்ணீரில் முழுசாக மூழ்கவைத்துச் சில மணி நேரம் விடுங்கள். நிறையத் தண்ணீரில் சுண்ணாம்பு ஒரேயடியாகக் கரைந்து குழைந்துபோகும், தள்ளுகிற வேகம் குறையும். ஓரளவுதான் காப்பாற்றும், அதுவும் கிளேஸ் போடாத பொம்மையைத்தான்.

சித்தூரில் இருக்கும் சித்திக்கு நவராத்திரிக் கொலுவில் வைக்க ஒரு யாளி கொடுத்தேன். ஐந்தாம் நாள் மழை. சித்தி போன் பண்ணி, "உன் யாளி கண்ணடிக்குதுடி" என்றார். இடது கண் அப்படியே உருண்டு கீழ்ப்படியில் செட்டியார் பொம்மையின் மளிகைக் கடைக்குள் விழுந்திருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் குழிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடியைக் குண்டூசியால் கடைசித் துளி வரை சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பசை போடுங்கள். நான் அவசரத்தில் அதன் மேலேயே எபாக்ஸியை வைத்து ஒட்டிவிட்டு வந்தேன், தீபாவளிக்குள் மறுபடி விழுந்துவிட்டது.